நோன்பு முடிகிற வாரத்தில் எத்தியோப்பியா

ஜனவரி 4, ஞாயிறு – அடிஸ் அபாபா

வெயிலில் நின்றால் சுடுகிறது. இரண்டடி தள்ளி நிழலுக்குப் போனால் பல் கிட்டுகிறது. அடிஸ் அபாபா ஊட்டியைவிடச் சற்று உயரத்தில், 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. விடுதியின் இரண்டாவது மாடிக்கு ஏறியதற்கே அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் பெட்டியில் துணிமணி குறைவு. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல், நார்த்தங்காய் ஊறுகாய்தான் அதிகம். அறுபதைத் தாண்டிய, முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத ஒருத்தியை எத்தியோப்பியாவுக்கு அழைத்துப்போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அங்கே அவள் எதைச் சாப்பிடுவாள்?"

எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் எதையும் சாப்பிடுவேன் என்பதால் மட்டும் இல்லை, இந்த வாரத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. கென்னா என்கிறார்கள். அதற்கு முன் நவம்பர் கடைசி வாரம் தொடங்கி நோன்பு. இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. இது போதாதென்று வாரந்தோறும் புதனும் வெள்ளியும் நோன்பு. ஈஸ்டருக்கு முன் ஐம்பத்தைந்து நாள் பெருநோன்பு. எல்லாவற்றையும் கூட்டினால் சாதாரண மக்களே வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள் கறியைத் தொடுவதில்லை. சாமியார்களுக்கு இன்னும் அதிகம்.

மதியம் பக்கத்துத் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடை. உட்கார்ந்ததும் ஒரு பெண் பிளாஸ்டிக் கூஜாவும் தாம்பாளமும் எடுத்து வந்து, இருந்த இடத்திலேயே கையை நீட்டச் சொல்லித் தண்ணீர் ஊற்றினாள். நோன்பைக் குறிக்கும் 'சோம்' என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனவள், பெயாய்நெத்து கொண்டுவந்தாள்.

அகலத் தட்டு முழுக்க விரித்த இஞ்செரா. டெஃப் என்கிற தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்கவிட்டு, பெரிய வட்டக் கல்லில் ஊற்றி, மூடி வேகவைக்கிறார்கள், திருப்பிப்போடுவதில்லை. மேலே பூராவும் கண் கண்ணாகத் துளை. டெஃப் மணி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான், கேழ்வரகு அதற்கு அண்ணன். மூன்றாம் நாள் மாவில் வார்த்த ஆப்பம் என்று நினைத்துக்கொண்டால் பாதி சரி. புளிப்பு அதையும் தாண்டும், ஆறியபிறகுதான் பரிமாறுவார்கள். அதன்மேல் குவியல் குவியலாகக் கறிவகைகள். பெர்பெரே மசாலாவில் செக்கச் சிவந்த மைசூர்ப் பருப்பு, மஞ்சள் மட்டும் போட்ட பட்டாணிப் பருப்பு, பூண்டோடு வதக்கிய கீரை, கோஸும் கேரட்டும், பீட்ரூட், பீன்ஸ், பச்சைமிளகாய் போட்ட தக்காளி. நடுவில் ஷிரோ, அதாவது வறுத்த கொண்டைக்கடலை மாவில் காய்ச்சிய கெட்டிக் குழம்பு. ஓரத்தில் சுருட்டி வைத்த இஞ்செராக்கள், பிய்த்துத் தொட்டுக்கொள்ள.

பெர்பெரேயின் காரம் நாக்கில் உடனே தெரியாது. விழுங்கியபிறகு மெல்லத் திரும்பி வரும். மிளகாயோடு வெந்தயம், ஏலக்காய், இஞ்சி எல்லாம் சேர்கிற பொடி. அக்கா பருப்பை மட்டும் விரல்நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம ருசிதான்" என்றாள். பெரிய சான்றிதழ் அது.

சிக்கல் வேறிடத்தில். தட்டு ஒன்று, ஆட்கள் இருவர். எங்கள் வீட்டில் எச்சில் என்றால் எச்சில்தான். அம்மா உருட்டிப்போட்ட நிலாச்சோறு தவிர வேறெதையும் நாங்கள் பங்குபோட்டுச் சாப்பிட்டதில்லை. அக்கா இன்னொரு தட்டு கேட்டாள். பரிமாறிய பெண்ணுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா தங்கையா? சண்டையா?" என்று கவலையோடு கேட்டாள். இல்லை என்றோம். நம்பவில்லை. தனித்தட்டைக் கொண்டுவந்து வைத்தவள், போகிற போக்கில் என் தோளையும் அக்கா தோளையும் தட்டிச் சமாதானம் செய்துவிட்டுப் போனாள்.

இரண்டு பேருக்கும் சேர்த்து 520 பிர். ஒரு ரூபாய்க்கு ஒன்றரை பிருக்கு மேல் கிடைக்கிறது. கணக்குப்போட்டுப் பார்த்த அக்கா, நார்த்தங்காயைத் திறக்கவே வேண்டாம் என்றாள்.

ஜனவரி 5, திங்கள் – அடிஸ் அபாபா

இரவெல்லாம் தலைவலி. உயரம் காரணம், தண்ணீர் குடியுங்கள் என்றார் விடுதிக்கார அம்மாள்.

காலையில் பியாசா. இத்தாலியர்கள் 1936 முதல் 1941 வரை இந்த ஊரைப் பிடித்துவைத்திருந்தபோது விட்டுப்போன பெயர். பழைய கட்டடங்களில் பெரும்பகுதியை 2024இல் நகரச் சீரமைப்பு என்று இடித்துவிட்டார்கள். அகலமான நடைபாதையும் புதுப் புல்வெளியும் பளிச்சென்று இருக்கின்றன, ஆனால் உட்கார ஒரு பழைய கடை கண்ணில் படவில்லை. 1953இல் தொடங்கிய டோமோகா காபிக்கடையில் உட்காரவும் வேண்டியதில்லை. உயரமான மேசைகளைச் சுற்றி நின்றபடியே குடிக்கிறார்கள். கோட்டுப் போட்ட கிழவர்கள் செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்னக் கோப்பையில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டு, கலக்காமல் குடித்து, அடியில் தேங்கிய சர்க்கரையைக் கடைசியில் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அக்காவின் கும்பகோணம் டிகிரி காபிப் பெருமை அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது. வாய் திறந்து ஒப்புக்கொள்ளவில்லை, இன்னொரு கோப்பை கேட்டாள்.

அருங்காட்சியகத்தில் லூசியைப் பார்த்தோம். 1974இல் ஹதாரில் கிடைத்த, முப்பத்திரண்டு லட்சம் வருஷத்துப் பழைய மனித மூதாதையின் எலும்புகள். ஆள் இவ்வளவு குள்ளமா என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, பசி வேறு. வெளியே ஜூஸ் கடையில் ஸ்ப்ரிஸ் குடித்தோம். குடித்தோம் என்று சொல்லக் கூடாது, கரண்டியால் சாப்பிட்டோம். உயரமான கண்ணாடித் தம்ளரில் அடியில் அவகாடோ, நடுவில் மாம்பழம், மேலே பப்பாளி, மூன்றும் கலக்காமல் அடுக்கடுக்காக. எலுமிச்சை பிழிந்தால் அவகாடோ பச்சை பளிச்சென்றாகிறது. 120 பிர். ஒரு தம்ளருக்குமேல் யாராலும் முடியாது.

இரவுதான் கசப்பு. நடன நிகழ்ச்சியோடு உணவு தருகிற ஒரு பெரிய உணவகம், பெயர் வேண்டாம். புல்லால் பின்னிய மெசோப் கூடைதான் மேசை. மூடியைத் திறந்தால் உள்ளே இஞ்செரா. மேடையில் தோளை மட்டும் குலுக்கி ஆடும் எஸ்கிஸ்தா. அந்தப் பெண்களின் கழுத்தும் தோளும் தனித்தனி ஆட்களுடையவை போல அசைந்தன. ஒற்றை நரம்பு மசின்கோவோடு வந்த அஸ்மாரிப் பாடகர் மேசை மேசையாக நின்று, இருப்பவர்களைப் பற்றி அங்கேயே கட்டிப் பாடினார். எங்களைப் பற்றி என்ன பாடினாரோ, சுற்றிலும் எல்லோரும் சிரித்தார்கள். நூறு பிர் நோட்டை அவர் நெற்றியில் ஒட்டினேன், அதுதான் வழக்கம். குடுவைக் கழுத்துள்ள கண்ணாடிச் சீசாவில் தேஜ் வந்தது, தேனை நொதிக்கவிட்டு எடுத்த மது. முதலில் இனித்து, பின்னால் கேஷோ இலையின் கசப்பு.

பிறகு பில் வந்தது. கையால் எழுதிய பில், தேதி 27-4-2018. அந்த ஊர்ப் பஞ்சாங்கப்படி அது சரிதான். அவர்கள் நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால் இருக்கிறார்கள், வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் வேறு. தேதியை விட்ட அக்கா மற்ற எண்களை விடவில்லை. கருவூல அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவளிடம் பில்லைக் காட்டக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. பட்டியலில் 650 போட்ட தட்டு பில்லில் 900. நாங்கள் கேட்காத ஒரு சாலட். அதற்குமேல் பதினைந்து சதவீத வரி, பத்து சதவீத சேவைக் கட்டணம். வரியைக் கூட்டியபிறகு சேவைக் கட்டணமா, முன்னாலா என்று அக்கா கேட்டபோது பரிமாறுபவர் மேலாளரைக் கூப்பிடப் போய்விட்டார். மேலாளர் வந்து, சுற்றுலாப் பயணிகளுக்கு வேறு பட்டியல் என்றார். அப்படியானால் அந்தப் பட்டியலைக் காட்டுங்கள் என்றாள் அக்கா. மேடையில் கூத்து நடக்கிறது, இங்கே ஒரு கூத்து. கடைசியில் சாலட்டையும் கூடுதல் 250ஐயும் அடித்தார்கள். வெளியே வந்தால் குளிரில் ஒரு டாக்சியும் இல்லை.

ஜனவரி 6, செவ்வாய் – அடிஸ் அபாபா

ஊர் முழுக்க ஆடு. மினிபஸ் கூரையில் ஆடு, தோளில் ஆடு, தள்ளுவண்டியில் ஆடு, நடைபாதையில் விலை பேசப்படுகிற ஆடு. காலைக் கட்டித் தலைகீழாகப் பிடித்த சேவல்கள் வாயைத் திறக்காமல் சாதுவாகப் போகின்றன. மெர்காட்டோ சந்தையில் மலைமலையாகச் சின்ன வெங்காயம். அதைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். சேவல் ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாது என்று ஒருவர் சொல்ல, வாங்க வந்த அம்மாள் அதன் நெஞ்சுக்குக் கீழே கைவிட்டு எடை பார்த்து, இறகை ஊதித் தோலைப் பார்த்து, கடைசியில் வாங்காமலே போனார்.

நாங்கள் அந்த வித்தையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பின்னால் கட்டியிருந்த ஒரு செம்மறி அக்காவின் பருத்திப் புடவை முந்தானையை ஒரு சாண் மென்றுவிட்டது. ஆட்டுக்காரர் பதறிப்போய் முந்தானையைப் பிடுங்கி, தன் சட்டையால் துடைத்து, ஆட்டை ஓர் அடி அடித்தார். "அதை அடிக்காதீர்கள், நாளைக்கு எப்படியும்..." என்று தமிழிலேயே சொல்லிப் பாதியில் நிறுத்தினாள் அக்கா.

மதியம் ஷிரோ மட்டும். மண்சட்டியில் குமிழியிட்டுக் கொதித்துக்கொண்டே மேசைக்கு வந்தது. கடைக்காரர் அதைத் தட்டிலிருந்த இஞ்செராமேல் கவிழ்த்தார். பழுப்பு இஞ்செரா. வெள்ளை டெஃப் விலை கூடியது, பழுப்புத்தான் ஏழைகளுடையது என்கிறார்கள்; எனக்குப் பழுப்புத்தான் பிடித்தது, மண்வாசனையோடு இருக்கிறது. இன்று அக்கா தனித்தட்டு கேட்கவில்லை. தட்டின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒன்று இருந்தது, அவ்வளவுதான். 180 பிர்.

மாலையில் கடைகளில் எல்லாம் நோன்புத் தட்டின் கடைசிப் பரிமாறல். இரவு தேவாலயத்துக்குப் போனோம். வெள்ளை நெதெலாவைப் போர்த்திய ஆயிரக்கணக்கான பேர், கையில் மெழுகுவத்தி. விடிய விடிய நின்று, பூசை முடிந்தபிறகுதான் நோன்பை முறிப்பார்கள். எங்களுக்குப் பத்து மணிக்கே குளிர் தாங்கவில்லை.

ஜனவரி 7, புதன் – அடிஸ் அபாபா

புதன்கிழமை என்றால் நோன்பு. ஆனால் கென்னா புதனில் வந்தால் நோன்பு இல்லை. அக்காவுக்கு இந்த விதிவிலக்கு பிடிக்கவில்லை.

காலை ஏழு மணிக்கே தெருவெங்கும் வெங்காயம் வதங்கும் வாசனை. டோரோ வொத் என்கிற கோழிக்குழம்புக்கு வெங்காயத்தை முதலில் எண்ணெய் விடாமலே மணிக்கணக்கில் வதக்க வேண்டும், அது கரைந்து பசையாக வேண்டும். அப்புறம்தான் பெர்பெரேயும் வாசனை வெண்ணெயும். கடைகள் எல்லாம் மூடிக்கிடந்தன. திறந்திருந்த ஒன்றிரண்டில் நான் 'சோம்' என்றதும் சிரித்தார்கள். நோன்பு நாளில் மந்திரம் போல வேலை செய்த சொல் ஒரே இரவில் செல்லாக்காசு. "நோன்பு முடிந்துவிட்டது, அம்மா! கறி சாப்பிடுங்கள்!" என்று ஒருவர் அக்காவுக்கு நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார்.

அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. நம் ஊரில் சைவம் என்பது ஆளைப் பொறுத்தது. இங்கே நாளைப் பொறுத்தது. நமக்கும் புரட்டாசிச் சனி உண்டு, வெள்ளிக்கிழமை உண்டு. ஆனாலும் "நீங்கள் சைவமா?" என்று நம்மில் ஒருவர் கேட்டால் அவர் கேட்பது சாப்பாட்டை மட்டும் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். இங்கே அந்தக் கேள்வியே கிடையாது. மந்திரியும் மூட்டை தூக்குபவரும் நேற்றுவரை பருப்பு, இன்றைக்குக் கோழி. வருஷம் முழுக்கப் பருப்பு என்கிற ஆள் அவர்கள் கணக்கில் இல்லை.

விடுதிக்கார அம்மாள் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். தரையெல்லாம் பச்சைப் புல் பரப்பியிருந்தது, மிதித்தால் மழை பெய்த தோட்டத்து வாசனை. மூலையில் சாம்பிராணிப் புகை. வாசலில் நுழைந்ததும் அக்காவின் கடிபட்ட முந்தானையைப் பார்த்த அந்த அம்மாள், உள்ளே போய் ஒரு வெள்ளை நெதெலாவை எடுத்து வந்து அவள் தலையோடு போர்த்திவிட்டார். மெல்லிய பருத்தி, ஓரத்தில் மட்டும் நிறக்கரை.

பெரிய மெசோப்பைச் சுற்றி ஒன்பது பேர். கோழியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டுவது முறை. தொடை யாருக்கு, கழுத்து யாருக்கு என்பதில்கூட மரியாதை உண்டு. விருந்தாளி என்று எனக்குத் தொடை. கூடவே குழம்பில் ஊறிய முழு முட்டை. கருஞ்சிவப்புக் குழம்பு, வெங்காயம் என்று ஒன்று அதில் இருந்ததற்கே அடையாளம் இல்லை. காரம் கண்ணில் நீர் வரவைத்தது, கை நிற்கவில்லை. வெள்ளைப் பாலாடைக்கட்டி அயிப்பைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் அடங்குகிறது.

அக்கா முட்டையும் சாப்பிடமாட்டாள் என்று கேட்டதும் மேசை அமைதியானது. வீட்டுப் பையன், கல்லூரி மாணவன், மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். இல்லை. பாதிரியார் ஏதும் தண்டனை நோன்பு போட்டிருக்கிறாரா? இல்லை. அப்புறம் எத்தனை வருஷமாக? அறுபது என்றதும், எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வெள்ளைப் போர்வை, வயது, நோன்பை முறிக்காத வைராக்கியம். இந்த ஊரில் வயதானபிறகு துறவறம் பூணும் பெண்கள் நிறையப் பேர். பாட்டி எழுந்து வந்து அக்காவின் தோளில் முத்தமிட்டு ஏதோ சொன்னார். "இந்திய நாட்டுத் துறவி நம் வீட்டுக்கு வந்தது பெரிய ஆசீர்வாதம் என்கிறார்" என்றான் பையன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அக்கா என்னைப் பார்த்தாள். "மறுத்துச் சொன்னால் கோழியைக் கொண்டுவருவார்கள், பேசாமல் இரு" என்றேன் தமிழில்.

நேற்றைய நோன்புக்குச் செய்த பருப்பு கொஞ்சம் மீதம் இருந்தது. அதைச் சூடாக்கி, தனித்தட்டில், இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்தார்கள். அக்காவுக்கு நிம்மதி. அந்த நிம்மதி நிலைக்கவில்லை. பாட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இஞ்செராவை ஓர் உள்ளங்கையளவு பிய்த்து, பருப்பை அள்ளி வைத்து, மூன்று விரலால் மடித்து மடித்து எலுமிச்சையளவு உருண்டையாக்கினார். குர்ஷா. பிரியமானவர்களுக்கும் மதிப்புக்குரியவர்களுக்கும் தன் கையால் வாயில் ஊட்டுவது. மறுப்பது அழகில்லை. உருண்டை அக்காவின் உதட்டருகே வந்து நின்றது. மேசையில் எல்லோரும் காத்திருந்தார்கள். ரயிலில் அடுத்தவர் நீட்டும் பிஸ்கட்டை வாங்காத என் அக்கா, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். உருண்டை பெரிது, கன்னம் உப்பியது. ஒன்றோடு நிறுத்துவது வழக்கமில்லை என்பதால் அவள் மென்று முடிப்பதற்குள் இரண்டாவது தயார்.

பிறகு காபி. வீட்டு மருமகள் முக்காலியில் உட்கார்ந்து, பச்சைக் கொட்டைகளைக் கழுவி, கரியடுப்பில் வறுத்து, கருத்து எண்ணெய் பூத்ததும் புகையோடு சட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் கொண்டுவந்தாள். கையால் அந்தப் புகையை முகத்துப் பக்கம் தள்ளி முகர வேண்டும். உரலில் இடித்து, ஜெபெனா என்கிற கறுப்பு மண்கூஜாவில் கொதிக்கவைத்து, கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே விழவில்லை. கொறிக்கச் சோளப்பொரி. மூன்று சுற்று: அபோல், தோனா, பெரெக்கா. மூன்றாவதுதான் ஆசி என்பதால் அதற்கு முன் எழுந்துபோகக் கூடாது. எழ எங்களுக்கும் மனசில்லை.

திரும்பும் வழியில் கசாப்புக் கடைகளில் எல்லாம் கூட்டம். முன்னால் தொங்கும் மாட்டுத்தொடை, பின்னால் மேசைகள். பச்சை இறைச்சியைக் கிலோக்கணக்கில் வாங்கி, அங்கேயே கத்தியால் சீவி, மிட்மிட்டா மிளகாய்த்தூளில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். கொத்திய பச்சைக்கறியில் வாசனை வெண்ணெய் பிசைந்த கிட்ஃபோவை லேசாகச் சூடுகாட்டித் தரச்சொல்லி நான் வாங்கினேன். வாயில் வைத்ததும் வெண்ணெயாகவே கரைகிறது, ஏலக்காய் மணக்கிறது. அக்கா தெருவைப் பார்த்தபடி நின்றாள். குர்ஷாவைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேட்டேன். "உப்புதான் கொஞ்சம் குறைவு" என்றாள்.

ஜனவரி 8, வியாழன் – ஹரார்

தீரே தாவாவில் விமானம் இறங்கியதும் கம்பளியைக் கழற்றினோம். அங்கிருந்து மலையேறினால் ஹரார். வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல். வழியில் அவதாய் என்ற ஊரில் சாலையே அடைபட்டிருந்தது. கட்டுக்கட்டாகச் சாத் இலை. மென்றால் கிறக்கம் தரும் இலை, அதுதான் இந்தப் பக்கத்துப் பணப்பயிர். வேனில் பாதிப் பேர் ஒரு கட்டு வாங்கி மெல்லத் தொடங்க, ஓட்டுநரும் சேர்ந்துகொண்டார். அக்கா மீதிப் பயணம் முழுக்கக் கந்தர்சஷ்டி கவசம் சொன்னாள்.

பழைய ஹராரைச் சுற்றிய ஜுகோல் மதிலுக்குள் நுழைந்தால் நம் ஊர் ஆட்டோ. பஜாஜ் என்றேதான் அழைக்கிறார்கள். துணிக்கடைச் சந்தில் தையல் மிஷின்கள் வரிசையாகத் தெருவோரம். சத்தத்தை வைத்தே அந்தத் தெருவுக்கு மகினா கிர்கிர் என்று பெயர். ஒரு தையல்காரர் அக்காவின் முந்தானையை வாங்கி, ஆடு மென்ற பகுதியைக் கத்தரித்து, கண்மூடித் திறப்பதற்குள் மடித்து அடித்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றவரிடம் வற்புறுத்தி ஐம்பது பிர் வைத்தோம்.

சாப்பாட்டுக்கு இன்று திண்டாட்டம்தான். ஆட்டுக்கறி, ஒட்டகக்கறி, கறி அடைத்த சம்புசா. அக்கா அறையில் அவலை ஊறவைத்து, வெல்லம் இல்லாமல், தேன் ஊற்றிச் சாப்பிட்டாள்.

இரவு மதிலுக்கு வெளியே கழுதைப்புலிகளுக்கு உணவூட்டுவதைப் பார்த்தோம். குச்சியில் கறித்துண்டைச் சொருகி நீட்டினால் இருட்டிலிருந்து வந்து பிடுங்கிக்கொண்டு போகின்றன. "இதற்கும் குர்ஷாவா?" என்றாள் அக்கா.

ஜனவரி 9, வெள்ளி – ஹரார்

காலையில் ஃபுல். மொச்சை வகைப் பயற்றை இரவெல்லாம் வேகவைத்து மசித்து, பச்சை வெங்காயம், தக்காளி, மிளகாய், மேலே எண்ணெய். முட்டையும் தயிரும் வேண்டுமானால் சேர்ப்பார்கள், வேண்டாம் என்றோம். சுடச்சுட ரொட்டி. அக்கா இரண்டாவது கிண்ணம் வாங்கினாள். பக்கத்து மேசையில் தனியாக ஃபுல் சாப்பிட்டுக்கொண்டிருந்த தொப்பிக்காரப் பெரியவர், நாங்கள் உட்காரும்போதே தன் கிண்ணத்தைக் காட்டி "எனிப்லா" என்று அழைத்திருந்தார். சாப்பிடுகிறவர் வந்தவரை அழைக்காமல் வாயில் வைக்கக் கூடாது என்பது இங்கே முறை. நாங்கள் கையைக் கூப்பி மறுத்தோம். எழுந்து காசு கொடுக்கப் போனால், அவர் ஏற்கெனவே எங்களுக்கும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திங்கள் இரவு பில்லோடு இதை வைத்துப் பார்த்து அக்கா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிரெஞ்சுக் கவிஞர் ரிம்போவின் பெயரால் அருங்காட்சியகமாக இருக்கிற இரண்டடுக்கு மரவீட்டைப் பார்த்தோம். இந்திய வணிகர் ஒருவர் கட்டியதாம். வேலைப்பாடுள்ள மரச் சாளரங்களைப் பார்த்தால் நம்பலாம்.

வெள்ளிக்கிழமை என்பதால் மதியம் மதிலுக்கு வெளியே கிறிஸ்தவர் கடையில் நோன்புத் தட்டு திரும்பி வந்துவிட்டது. கூட்டத்தில் இடமில்லை, இரண்டு பஜாஜ் ஓட்டுநர்களோடு மேசையைப் பகிர்ந்துகொண்டோம். ஒருவர் கழுத்தில் சிலுவைக் கயிறு, மற்றவர் ஜும்மா தொழுகையிலிருந்து வந்தவர். இருவரும் ஒரே தட்டில். தினமும் இப்படித்தானா என்று கேட்டேன். புதன், வெள்ளி மட்டும் என்றார்கள். மற்ற நாளில் கறி. அவர் அறுத்ததை இவர் சாப்பிடமாட்டார், இவர் அறுத்ததை அவர் சாப்பிடமாட்டார். கசாப்புக் கடைகளில் சிலுவையும் பிறையும் ஏன் அவ்வளவு பெரிதாக வரைந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. தட்டு ஒன்றுதான், கத்திதான் வேறு வேறு. பருப்பில் கத்தி இல்லை என்று சிலுவைக்காரர் சிரித்தார்.

சாப்பாட்டு முறையில் நாம் போடுகிற வேலிகளை நினைத்து மூன்று நாளாக நான் இந்த ஊரைக் கொஞ்சம் அதிகமாகவே புகழ்ந்துகொண்டிருந்தேன். வேலி இங்கேயும் உண்டு, வேறிடத்தில் நட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 10, சனி – தீரே தாவா

விமானம் தாமதம். காரணம் சொல்லவில்லை. மதியம் ஒரு மணிப் பயணம் ஐந்துக்குப் போயிற்று. பெர்பெரே இரண்டு கிலோ, ஷிரோ மாவு ஒரு கிலோ வாங்கியிருந்தோம். பெர்பெரே பொட்டலத்தில் ஓட்டை விழுந்து, அக்காவின் வெள்ளை ரவிக்கைகள் எல்லாம் செங்கல் நிறம். தும்மிக்கொண்டே துடைத்தோம்.

வெயில். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் ஒதுங்கினோம். கறியில்லாமல் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு ஸ்பகெட்டி என்றார்கள். தக்காளிக் குழம்பு ஊற்றிய ஸ்பகெட்டி வந்தது. முள்கரண்டி வரவில்லை, அதற்குப் பதிலாக இரண்டு சுருள் இஞ்செரா. பக்கத்து மேசைகளைப் பார்த்தோம். எல்லோரும் இஞ்செராவைப் பிய்த்து ஸ்பகெட்டியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்கா யோசிக்கவே இல்லை. ஒரு தட்டுதான் வாங்கினோம், நடுவில் எல்லையும் காணோம். என் பக்கத்துத் தக்காளியை அவள்தான் காலி செய்தாள். 240 பிர், காபியோடு.

காசு கொடுக்கும்போது கல்லாவில் இருந்த பெண்ணிடம் அடுத்த பெருநோன்பு எப்போது என்று கேட்டாள். அவள் சுவரில் இருந்த பதின்மூன்று மாதக் காலண்டரைப் புரட்டி, விரல்விட்டு எண்ணி, கைபேசியில் நம் தேதிக்கு மாற்றி, பிப்ரவரி 16 என்றாள். ஐம்பத்தைந்து நாள்.

"அடுத்த வருஷமும் அதே தேதியா?" என்றாள் அக்கா.

மாறும் என்றாள் அந்தப் பெண். அக்கா காலண்டர் என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கினாள்.